பஞ்சப்பாட்டும் பவுசும்

மார்ச் 4, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. நான் வேலை பார்த்த பல் மருத்துவர் கடையை மூடிக்கொண்டு போன பிறகு மூன்று மாதம் சும்மா இருந்தேன். இனி வீடு வீடாகப் போய், என்ன வருமானம், சொந்த வீடா வாடகையா, வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்கச் சொல்வது ஒரு பல்கலைக்கழகம், பணம் தருவது ஓர் அறக்கட்டளை. இங்கே சான் அன்டோனியோவில் இருக்கும் கொரியர்களையும் மேற்கே காஸ்ட்ரோவில் என்கிற ஊர்ப் பக்கத்து அல்சாஸ்காரர்களையும் ஒப்பிடுகிறார்களாம். இரண்டில் யார் நன்றாக வாழ்கிறார்கள் என்று பார்ப்பதற்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தேழு வருடமாக எங்கள் வீட்டுச் சமையலறையில் நடக்கிற சண்டை இது. அப்பாவின் ஆட்கள் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலிருந்து கப்பலேறி வந்து, டெக்சாஸ் முள்ளுக்காட்டை வெட்டி நிலமாக்கியவர்கள். அம்மா, அப்பா பட்டாளத்தில் இருந்தபோது கொரியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். யார் ஆட்கள் உசத்தி என்று அப்பா சாகும்வரை முடிவாகவில்லை. இப்போது அதை முடிவு செய்ய எனக்குச் சம்பளம்.

மேலதிகாரி கிரேடி பெல் என்கிற பையன். முப்பது வயதிருக்கும், சுத்தமான நகம். "நீங்க ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்க, அதான் எடுத்தேன் மேடம்" என்றார். என்னை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "உங்களைச் சேக்க மாட்டோம். கலப்பு இருந்தா கணக்கு குழம்பிடும்" என்றார். கோபம் வரவில்லை. சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை, அவ்வளவுதான்.

மார்ச் 5

அம்மாவிடம் சொன்னேன். "பல் டாக்டர்கிட்ட உக்காந்திருந்தது மரியாதையா இருந்துச்சு. இது பிச்சைக்காரி மாதிரி கதவைத் தட்டுற வேலை." சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்த மீனை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 21

கொரியர் வீடுகள் நான்கு முடிந்தன. முதலில் ஒரு டோனட் கடை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியுமுன்னே எழுந்து மாவு பிசைகிறவர்கள். கடையின் பின் அறையில் மடக்குக் கட்டில், கண்ணாடித் தம்ளரில் இரண்டு பல் பிரஷ். வீடு எங்கே என்றேன்.

"வடக்குப் பக்கம் பெருசா கட்டிட்டிருக்கோம்."

"இப்போ?"

"இப்போ தற்காலிகமா இங்க."

தற்காலிகம் பல வருடமாக நடக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வருமானம் கேட்டபோது அவள் அவனைப் பார்த்தாள், அவன் கூரையைப் பார்த்தான். பிறகு ஒரு தொகை சொன்னான். அவ்வளவு சம்பாதிக்க அவன் ஊருக்கே மூன்று வேளையும் டோனட் போட்டிருக்க வேண்டும். வாசலில் மாதத் தவணையில் எடுத்த பென்ஸ் கார். சர்ச்சில் போய் இறங்குவதற்கென்றே ஒரு கார். மாவு மூட்டை தோளில்தான் வருகிறது.

இளக்காரமாக எழுதுகிறேன், தெரிகிறது. ஆனால் எனக்கு இதெல்லாம் புதிதா என்ன? அம்மா பட்டாள முகாம் வாசலில் தையல் கடை போட்டுச் சிப்பாய்களின் சட்டைக்குப் பட்டை தைத்தே எங்களை வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிநேகிதி பியோ அம்மாளின் கைப்பையை இரவல் வாங்கிக்கொண்டு ராணி மாதிரி சர்ச்சுக்குப் போவாள். இரண்டு ஊர்க்காரர்களும் 'சிப்பாய் பெண்டாட்டி' என்று கீழாகப் பார்த்த பெண்கள் இவர்கள். வெறுங்கையோடு போனால் இன்னும் கீழே தள்ளிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்குத்தான் எல்லோரும் தவணை கட்டுகிறார்கள்.

ஏப்ரல் 2

காஸ்ட்ரோவில். இங்கே எல்லாம் தலைகீழ். முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு ஒரு பெரியவர் வெளிக் கதவிலேயே என்னை நிறுத்தினார். மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது, இரண்டு மாடு செத்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது என்று ஒரே பஞ்சப்பாட்டு. அவருக்குப் பின்னால் தார்பாய்க்குக் கீழே என் உயரத்துக்கு ஒரு டிராக்டர் சக்கரம், புது ரப்பர் வாசனையோடு.

"அது யாருது?"

"மச்சானோடது. நிறுத்த இடமில்லன்னு விட்டுட்டுப் போயிருக்கான்."

அடுத்த வீட்டிலும் மச்சானின் டிராக்டர். அதற்கடுத்த வீட்டில் மச்சானின் படகு. இந்த மச்சான்கள் எல்லோரும் எந்த ஊரில் இருக்கிறார்களோ. கையில் பையோடு கேள்வி கேட்டு யார் வந்தாலும் இவர்களுக்கு நில வரிக்காரன்தான்.

எத்தனை ஏக்கர் என்றால் "கொஞ்சம் முள்ளுக்காடு". நெடுஞ்சாலை ஓரத்து முள்ளுக்காடு என்ன விலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். என் பங்கையும் சேர்த்து அண்ணன் அந்த விலைக்குத்தான் வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றான்.

அல்சாஸ்காரர்கள் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை, வேலிக் கம்பைக்கூட எண்ணித்தான் பிரிப்பார்கள். அப்பா பங்கில் பாதி அண்ணன் பிளேஸுக்கு, பாதி எனக்கு. அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "மூத்த பையன்தான் அப்பாவுக்குச் சடங்கு செய்யணும். நிலம் அவன்கிட்டதான் இருக்கணும். கடைசி காலத்துல நான் அவன்கிட்டதானே போகப் போறேன்?" கையெழுத்துப் போட்டேன். அல்சாஸ் முறையில் வந்தது, கொரிய முறையில் போய்விட்டது. அண்ணன் டென்வரில் மலை தெரிகிற மாதிரி வீடு வாங்கினான். அம்மா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஏப்ரல் 16

இன்று கிரேடி கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். இரண்டு கூட்டத்தில் எது வசதி குறைந்ததோ, அதன் முதியவர்களுக்கு ஜனவரியிலிருந்து அறக்கட்டளை மூன்று வருடம் மதியச் சாப்பாடு போடும். வேன், சமையல் எல்லாம் அவர்கள் செலவு.

"ஆனா வீடுகள்ல இதை மூச்சு விடக்கூடாது. சொன்னா எல்லாரும் ஏழையாயிடுவாங்க."

"எல்லாரும் ஆக மாட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கொரிய முதியோர் மன்றத்தில் இப்போது நடக்கிற சாப்பாட்டுக்கு நகராட்சிப் பணம் டிசம்பரோடு தீர்கிறது. அம்மா தினமும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு மன்றத்து வேனில்தான் அங்கே போகிறாள். போன வருடம் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மறந்து, தீயணைப்பு வண்டி வந்து, வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். பகலில் அவளை அடுப்போடு தனியாக விட முடியாது. அந்த வேன் நின்றால் ஒன்று அவள் சோறு நிற்கும், இல்லை என் வேலை நிற்கும்.

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் பியோ அம்மாளுக்குப் போகும், பியோ அம்மாள் சர்ச்சுக்கே ஒலிபரப்புவாள். என் வேலை போகும். பார்க்கலாம்.

மே 7

அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. மன்றத்துப் பெண்கள் மாதாமாதம் போடுகிற சீட்டு. பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது, வாய்ச்சொல்தான். இந்த முறை எடுத்துக் கீழ்த் தாடைப் பல்லைக் கட்டுவது என்று பேச்சு. ஒரு வருடமாக இடது பக்கத்தில் மட்டும்தான் மெல்லுகிறாள். எனக்குத் தெரிந்த வேறொரு டாக்டரிடம் பேசி விலைகூடக் குறைத்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தால், "அனுப்பிட்டேன்" என்கிறாள்.

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு. பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கணுமாம்."

"அப்போ பல்லு?"

"எனக்கெதுக்குடி பல்லு? அவன்கிட்டப் போனா மருமக மெத்துமெத்துன்னு சமைச்சுப் போடுவா."

மருமகளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும்.

மே 8

 சூப்பில் மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டேன். கண்ணில் நீர் வழியக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றாள்.

மே 18

அப்பாவின் நினைவு நாள். கொரிய முறைப்படி மேஜை நிறையப் படைக்க வேண்டும். மீன் பொரித்தேன், கீரை வதக்கினேன், பேரிக்காயின் தலையைச் சீவி அடுக்கினேன். அப்பாவுக்குப் பிடித்த காஸ்ட்ரோவில் சாஸேஜும் ஒரு பாட்டில் பீரும் வைத்தேன். மது ஊற்றி வணங்க வேண்டியவன் மூத்த மகன். அவன் வரவில்லை. விமான டிக்கெட் விலையாம்.

அம்மா என் போனைப் பேரிக்காய் மேல் சாய்த்து வைத்தாள். அதில் அண்ணன் முகம், அவன் பின்னால் மலை. அவன் அங்கே ஒரு காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். இங்கே ஊற்ற ஒரு கை வேண்டுமே என்று நான் பாட்டிலை எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ பொண்ணு. நீ ஊத்தக் கூடாது. போனை நேராப் புடி, அவன் முகம் சாயுது."

பிடித்தேன். கிண்ணம் வெறுமையாகவே இருந்தது. அண்ணன், "எல்லாம் அருமையா பண்ணியிருக்கீங்கம்மா" என்றான். அம்மா வெட்கப்பட்டாள். சமைத்தது அவளில்லை என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 29

இன்று எனக்குக் கொடுத்த பெயர்களில் மூன்றாவது தோ பொக்ரே. அம்மா. அப்பா போன பிறகு தன் பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்டாள். முகவரி என்று மன்றத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். கிரேடிக்கு எப்படித் தெரியும்? இவள் என் அம்மா, வேறு ஆளை அனுப்புங்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. அவள் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்துக் கேட்க வேண்டும் என்று.

அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். முதலில் சிரித்தாள். பிறகு உள்ளே போய் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீடு சொந்தமா, வாடகையா?"

"எங்க வீடு டென்வர்ல இருக்கு. மகன் வாங்கினது."

"நான் கேட்டது இந்த வீடு."

"இங்க சும்மா தங்கியிருக்கேன். பொண்ணு தனியா இருக்கா, துணைக்கு."

வாடகை கட்டுகிறவள் நான், எனக்குத் துணையாக இருக்கிறாளாம்.

"மாசம் கைக்கு எவ்வளவு வருது?"

ஒரு தொகை சொன்னாள். டோனட் கடைக்காரன் தோற்றான். எங்கிருந்து வருகிறது என்றேன்.

"மகன் அனுப்புறான்."

"எல்லா மாசமுமா?"

"எழுதுடி. எல்லா மாசமும்."

"காசில்லாம எந்த வைத்தியத்தையாவது தள்ளிப்போட்டீங்களா?" இதை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். நாக்கு கீழ்த் தாடையைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது.

"இல்ல."

"மதியச் சாப்பாட்டுக்கு வெளி உதவி வேணுமா?" பேனாவைக் கீழே வைத்தேன். "அம்மா, இதுக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. உனக்குத்தான் நல்லது."

"யாரைப் பக்கத்துல வச்சுப் பாக்குறாங்க இதுல?"

"காஸ்ட்ரோவில் ஆளுங்களை."

அவ்வளவுதான். முதுகு இன்னும் நிமிர்ந்தது. "உங்க அட்லீன் அத்தை என் கல்யாணத்தன்னைக்கு என் கையைத் திருப்பிப் பாத்தா. நகத்துல அழுக்கு இருக்கான்னு. எல்லார் எதிர்லயும். நான் மன்றத்துக்குப் போறது நாலு பேரோட பேசத்தான், சோத்துக்கில்ல. அப்படியே எழுது. அவங்களுக்கு ஒரு படி கீழ என்னைக் காட்டினே, நீ என் வயித்துல பொறக்கவே இல்ல."

எழுதினேன். ஓர் எழுத்து மாற்றாமல். வேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள்தானே, யாருக்குத் தெரியப்போகுது? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வேலை போயிடும்னு இல்ல — பல்லுக் காசு டென்வருக்குப் போச்சே. போனைப் புடிடின்னு சொன்னாளே. எழுதுன்னா எழுதறேன். நல்லா அனுபவிக்கட்டும்.

ஜூன் 11

அட்லீன் அத்தை. அப்பாவின் அக்கா, எண்பது வயது, பிள்ளை இல்லை. மாமா விட்டுப்போன நிலமும் தாத்தா கொடுத்த பங்குமாக ஆற்றங்கரையில் பெரிய நிலம், நடுவில் கல் வீடு. பச்சை மாட்டுக்கறியைக் கொத்தி எலுமிச்சையும் பாலாடைக்கட்டியும் போட்டுப் பிசைந்த கிண்ணம் மேஜையில் இருந்தது. இந்த ஊரில் விருந்தாளிக்கு அதுதான்.

"வரி ஆளுங்ககூடச் சேந்துட்டியா லொரேனா?"

"வரி இல்ல அத்தை. சும்மா விசாரிக்கிறாங்க. நிலம் எவ்வளவு இருக்கு உங்களுக்கு?"

"உங்க தாத்தா வச்சுட்டுப் போனது. வருசா வருசம் ஆறு அடிச்சுட்டுப் போகுதே, என்ன மிஞ்சியிருக்கும்?"

"மாச வருமானம்?"

"விதவைப் பென்ஷன். அப்புறம் முட்டை விக்கிறேன்."

குளிர்பெட்டிக் கதவில் வீடு கட்டும் கம்பெனிக்காரனின் அட்டைகள் நாலைந்து ஒட்டியிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

"மதியம் என்ன சாப்பிடுறீங்க?"

"என்னத்த சாப்பாடு. காபியும் பிஸ்கட்டும்." சொல்லிவிட்டு விரலில் ஒட்டியிருந்த கறியை நக்கினார். "உங்கம்மா எப்படியிருக்கா? அவங்க ஆளுங்களுக்கு என்ன குறை. எல்லாம் பென்ஸ்லதானே போகுதுங்க."

இதையும் அப்படியே எழுதினேன், என் பென்ஸ் இல்லாத அம்மாவை நினைத்துக்கொண்டு.

திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். இருவரும் பொய்தான் சொன்னார்கள், ஆனால் இருவருக்குமே பொய் சொன்ன உணர்வு இல்லை. இல்லாததைக் காட்டாவிட்டால் அம்மாவுக்கு மானம் போகும். இருப்பதைக் காட்டினால் அத்தைக்கு உயிர் போகும். அத்தைக்கு நிலம் இருக்கிறது, தின்ன ஆளில்லை. அம்மாவுக்கு ஆள் இருக்கிறான், நிலத்தைத் தின்றுவிட்டான். இதற்குக் கிரேடியின் தாளில் கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 25

காஸ்ட்ரோவில் ஊரில் புனித லூயி திருவிழா. அத்தைக்காகப் போனேன். சுட்ட கறிப் புகையில் பஞ்சப்பாட்டுக்காரர்கள் எல்லோரும் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஏலத்தில் ஒரு கேக்கைப் போட்டி போட்டு எடுத்தார்கள். நான் என் பணத்தில் ஒரு சாஸேஜ் வாங்கித் தின்றேன்.

அக்டோபர் 8

கடைசி நாள். கிரேடி தாள்களைக் கட்டிக்கொண்டே கேட்டார். "எந்தப் பதிலாவது உங்களுக்குச் சந்தேகமா இருந்துச்சா மேடம்? ஒரு பக்கம் கூட்டிச் சொல்றாங்க, ஒரு பக்கம் குறைச்சுச் சொல்றாங்கன்னு ஏதாவது? சொன்னீங்கன்னா திரும்பப் போய்ப் பாக்கலாம். இன்னும் நேரம் இருக்கு."

நல்ல பையன். ஒழுங்காகத்தான் கேட்டார். டிராக்டர்கள், மடக்குக் கட்டில், அம்மாவின் நாக்கு, எல்லாம் கண் முன்னால் வந்தன. நேற்று ராத்திரி அம்மா முட்டைக்கோஸ் கிம்ச்சியை மெல்ல முடியாமல் உறிஞ்சித் துப்பிவிட்டு, இந்தப் புத்தாண்டுக்குப் பிளேஸ் கட்டாயம் கூட்டிப்போக வருவான், உனக்கு விடுதலைதான் என்றாள்.

"இல்ல" என்றேன். "எல்லாரும் தெளிவாத்தான் சொன்னாங்க."

நவம்பர் 20

நூலகக் கூடத்தில் முடிவு சொன்னார்கள். முன் வரிசையில் கொரியப் பெண்கள், நடுவில் அம்மா, மடியில் பியோ அம்மாளின் கைப்பை. பின்னால் காஸ்ட்ரோவில்காரர்கள் இருப்பதிலேயே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் வந்திருந்தார்.

கிரேடி திரையில் இரண்டு கம்பம் காட்டினார். ஒன்று உயரம், ஒன்று குட்டை. "வருமானம், பிள்ளைகளோட ஆதரவு, மன நிறைவு, எல்லாத்துலயும் கொரிய சமூகம் முன்னால இருக்கு."

முன் வரிசை கைதட்டியது. அம்மா உட்கார்ந்தபடியே திரும்பிப் பின்னால் தேடினாள். அத்தையைக் கண்டுபிடித்தாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அத்தை தலையை ஆட்டினார், உங்களுக்கென்னம்மா என்கிற மாதிரி.

அடுத்த படம். ஆகவே மதியச் சாப்பாட்டுத் திட்டம் காஸ்ட்ரோவிலுக்கு. பின்னால் அடக்கமாகக் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், பெருந்தன்மையாக.

வண்டியில் வரும்போது கேட்டாள். "அவங்களுக்கு ஏதோ குடுத்தாங்களே, என்னது?"

"மதியச் சோறு."

"பாவம். சாப்பிடட்டும்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

டிசம்பர் 20

மன்றத்தில் கடைசிச் சாப்பாடு. நகராட்சி இனிமேல் தராது. அறக்கட்டளையைக் கேட்டதற்கு, நீங்கள்தான் வசதியாக இருக்கிறீர்களே என்று அந்த ஆராய்ச்சியையே காட்டினார்களாம். அம்மா சொன்னாள், "எல்லாம் நம்ம மேல பொறாமை."

அண்ணன் புத்தாண்டுக்கு வரப்போவதில்லை. பனியாம்.

ஜனவரி 6

கிரேடி போன வாரம் கூப்பிட்டு வேலை கொடுத்தார். காஸ்ட்ரோவிலில் வேனில் போய்ச் சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கிற வேலை. ஊரைத் தெரிந்த ஆள் வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

காலையில் அடுப்பின் திருகுகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு நேற்றைய சோறு, கிம்ச்சி, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். முதல் நாளான இன்று வாசல் வரை வந்து, "வேன் வரல?" என்றாள். உதட்டில் சாயம் இருந்தது.

ஜனவரி 13

பெட்டியை வாங்கிக்கொள்கிறவர்கள் மறக்காமல் பஞ்சப்பாட்டின் ஒரு சரணம் பாடிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். ஒட்டுப்போட்ட பெரியவரின் டிராக்டர் இப்போது தார்பாய் இல்லாமல் நிற்கிறது. மச்சான் கொடுத்துவிட்டானாம்.

அத்தை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நாயைக் கூப்பிட்டார். நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

"உப்பில்ல, உறைப்பில்ல. உங்கம்மாவுக்கு எடுத்துட்டுப் போயேன். வீணாத்தானே போகுது. ஆனா அவ இதெல்லாம் சாப்பிடுவாளா, வசதியானவ?"

ஜனவரி 14

நேற்று எடுத்து வந்தேன். எங்கிருந்து என்றாள். உண்மையைச் சொன்னேன், வேண்டுமென்றேதான். "அட்லீன் அத்தைக்கு வந்தது. அவங்க நாய் சாப்பிடல, உனக்குக் குடுத்தனுப்பினாங்க." அம்மா பெட்டியை ஒரு விரலால் மேஜை ஓரம் வரைக்கும் தள்ளினாள். அது விழவில்லை. பிறகு பச்சைத் தண்ணீரில் சோற்றைப் பிசைந்து ஈறால் மென்றாள். இன்றும் அதே.

மெலிந்துவிட்டாள். எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

இன்று அத்தை வேண்டாமென்ற பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, உருளைக்கிழங்கையும் கோழியையும் எங்கள் நல்ல தட்டில் மாற்றிச் சூடாக்கி வைத்தேன்.

"இது எங்கேர்ந்து?"

"அண்ணன் ஏற்பாடு பண்ணியிருக்கான். டென்வர்லேர்ந்து பணம் கட்டி. தினம் வரும்."

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா, நம்ப முடிவு செய்தாளா, தெரியவில்லை. உள்ளே போய் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோழியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டாள். தட்டு ஓரத்துக் குழம்பை விரலால் வழித்துக்கூடச் சாப்பிட்டாள். பிறகு பியோ அம்மாளுக்குப் போன் போட்டாள். தினம் சூடா வருது, மகன் ஏற்பாடு, உன் பையன் ஏதாவது பண்றானா என்று நெடுநேரம் பேசினாள். பியோ அம்மாள் மதியம் என்ன சாப்பிட்டாள் என்று அம்மா கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தியா? மூத்த பையன்னா மூத்த பையன்தான். பக்கத்துலயே இருக்கே, நீ என்ன பண்ணிக் கிழிச்சே எனக்கு?"

தட்டைக் கழுவி வைத்தேன். சூடாக்க மாட்டிய அடுப்புத் திருகுகளை அப்படியே விட்டேன், ராத்திரிக்கு அரிசி வைக்க வேண்டும். நாளைக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை மீன்தான் வரும், அத்தைக்கு மீன் ஆகாது.